படித்த அண்ணன் ஏன் சதிக்கதையை நம்புகிறார்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் அண்ணன் பொறியாளர், ஐம்பதை நெருங்குகிறார். மனிதன் நிலவுக்குப் போகவே இல்லை என்பதில் ஆரம்பித்து, மூன்று வருடத்தில் தடுப்பூசி, வங்கி, வானிலை என எல்லாவற்றையும் ஒரே கூட்டம் ஆட்டிவைக்கிறது என்ற இடத்துக்கு வந்துவிட்டார். நீங்கள் ஆதாரம் காட்டினால், "நீ இன்னும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கே" என்று எழுந்து போய்விடுகிறார். இவ்வளவு படித்தவர் எப்படி இப்படி ஆனார் என்று கேட்கிறீர்கள். யாரோடாவது ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் காரணம் என்று எங்கோ படித்தீர்களாம், அது உண்மையா என்றும் கேட்கிறீர்கள். இன்னும் பேசிப் பார்ப்பதா, விட்டுவிடுவதா என்ற கேள்வியும் உங்கள் வரிகளுக்கு நடுவே இருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆய்வு செய்பவன் அல்ல, பிறர் செய்த ஆய்வுகளை விடாமல் படிப்பவன். என் பார்வையில் ஒரு கோணல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். சதிக்கதையை நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் என்னிடம் வருவதில்லை. வீட்டில் சண்டை முற்றியவர், தூக்கம் கெட்டவர், பணத்தைத் தொலைத்தவர்தான் வருகிறார். ஆகவே நான் பார்த்ததை வைத்து எல்லோரையும் அளந்துவிடாதீர்கள்.

படிப்பைப் பற்றி முதலில். சராசரியாகப் பார்த்தால் படிப்பு ஏற ஏற இந்த வகை நம்பிக்கை குறைகிறது. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆனால் சராசரி என்பது உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்காவில் எரிக் ஆலிவர், தாமஸ் வுட் என்ற இருவர் 2014ல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு ஆய்வில், ஏதாவது ஒரு சதிக்கதையையாவது ஒப்புக்கொள்பவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் என்றால் அதில் எல்லாவிதமான ஆட்களும் அடக்கம். அதனால் 'அண்ணனுக்குப் புத்தி கெட்டுவிட்டது' என்ற எண்ணத்தை ஓரமாக வையுங்கள். கெட்டிக்காரருக்கு இதில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிறகு, அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் மற்றவர்களைவிட அவரிடம் அதிகம்.

உள்ளே எப்படி நுழைகிறார்கள்? இதற்கு ஒரே வாசல் கிடையாது. பெரிய நிகழ்வுக்குச் சின்னக் காரணம் இருந்தால் நம் மனசு ஏற்க மறுக்கும். 1963ல் அமெரிக்க அதிபர் கென்னடியை ஒரு தனி ஆள் துப்பாக்கியால் சுட்டார் என்று சொன்னால், இவ்வளவு பெரிய சாவுக்கு இவ்வளவு சின்ன ஆளா என்று தோன்றுகிறது. எடைக்கு எடை வேண்டும் என்கிறது மனசு. வேலை போவது, உடம்புக்கு முடியாமல் போவது, திடீரென்று ஒரு சாவு என வாழ்க்கை கைமீறிப் போகும்போது, நடப்பதற்கெல்லாம் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பது ஒருவகையில் ஆறுதல். எதிரி இருந்தால், குறைந்தபட்சம் யாராவது பொறுப்பில் இருக்கிறார்கள் என்றாவது ஆகிறது. இதை ஒரு சோதனையாகவே செய்தார்கள். கட்டுப்பாடு இழந்த உணர்வை உண்டாக்கிவிட்டு, வெறும் புள்ளிகள் நிறைந்த படத்தைக் காட்டினால், இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்று 2008ல் வந்த ஆய்வு அது. எல்லாப் பத்திரிகையும் அதை எழுதித் தீர்த்தன. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு பல முறை வரவில்லை, வந்தபோதும் மிகச் சிறியதாக இருந்தது. ஆகவே கேட்க நியாயமாக இருக்கிறது, நிரூபணம் பலவீனம் என்ற பட்டியலில்தான் அதை வைத்திருக்கிறேன்.

இன்னொரு வாசலைப் பற்றிப் பேச நம்மில் பலருக்குப் பிடிப்பதில்லை. சதிகள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருடம், சிஃபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. 1940களின் கடைசியிலேயே பென்சிலின் அந்த நோயைக் குணமாக்கும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரியும். அந்த மனிதர்களிடம் மட்டும் சொல்லவில்லை. இதைப் படித்த ஒருவர் "அரசாங்கம் பொய் சொல்லும்" என்றால் அவரை எப்படிக் கேலி செய்வது? ஆனால் இது எப்படி வெளியே வந்தது என்பதையும் பாருங்கள். உள்ளே வேலை பார்த்த ஒருவர் மனசு பொறுக்காமல் பத்திரிகைக்காரரிடம் சொன்னார், செய்தி வந்தது, காகிதங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன. அண்ணன் சொல்லும் உலகளாவிய கூட்டத்தில் மட்டும் அப்படி மனசு பொறுக்காதவர் ஒருவர்கூட இல்லை.

சரி, ஒட்டுதலுக்கு வருவோம். உணவு, நீர் போல மற்றவர்களோடு நிலையான பிணைப்பும் மனிதனுக்கு அடிப்படைத் தேவை என்று ராய் பாமைஸ்டர், மார்க் லியரி இருவரும் 1995ல் ஒரு நீண்ட கட்டுரையில் வாதிட்டார்கள். உளவியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. அந்தத் தேவை எவ்வளவு சீக்கிரம் அடிபடும் என்பதற்கு கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் அனுபவத்தைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது யாரோ விளையாடிய பறக்கும் தட்டு ஒன்று அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி வீசினார். அவர்கள் மறுபடி இவரிடமே வீசினார்கள், கொஞ்ச நேரம் மூவருமாக ஆடினார்கள். திடீரென்று இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஆட்டமும் ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் அது தன்னை அவ்வளவு உறுத்தியதே என்று அவருக்கே ஆச்சரியம். அதையே கணினியில் பந்து வீசும் சோதனையாக ஆக்கினார். ஒதுக்குவது வெறும் கணினி நிரல்தான் என்று முன்கூட்டியே சொன்னாலும் வலிக்கிறது. தான் வெறுக்கும் இனவெறிக் கூட்டம் ஒதுக்கினாலும் வலிக்கிறது! இது பலமுறை திரும்பச் செய்து உறுதியான முடிவு.

ஒதுக்கப்பட்ட வலிக்கும் சதிக்கதை நம்பிக்கைக்கும் நடுவே கோடு போட்டவர்களும் இருக்கிறார்கள். பிரின்ஸ்டனில் இருவர் 2017ல் செய்த ஆய்வில், ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தவர்கள் வாழ்க்கையில் அர்த்தம் தேடினார்கள், அந்தத் தேடல் அதிகம் இருந்தவர்களிடம் இந்த நம்பிக்கைகளும் கூடுதலாகத் தெரிந்தன. நீங்கள் படித்தது இதையோ இதை ஒட்டிய எதையோதான் இருக்கும். கோடு இருக்கிறது, ஆனால் மெல்லிய கோடு. ஆய்வு சிறியது. சதிக்கதையை நம்புகிற பெரும்பாலானவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை என்பதும் உண்மை. ஒரு வீடியோ பார்த்தார்கள், இருக்கலாம் என்று தலையாட்டினார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள். இவர்களுக்கு ஒட்டுதல், ஏக்கம் என்று பெரிய விளக்கமெல்லாம் தேவையே இல்லை. 'எல்லாம் தனிமையால்தான்' என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இது.

என் அனுபவத்தில் படிந்த கருத்து வேறு. ஒட்டுதல் ஆளை உள்ளே இழுப்பதைவிட, உள்ளே வந்தவரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் அதிக வேலை செய்கிறது. இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் மதிப்பீடு. ஏன் இப்படி நினைக்கிறேன் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான். ஓய்வு பெற்ற கணக்கர். தூக்கம் வரவில்லை என்று வந்தார். கையில் நீளமான ஒரு கணக்கு நோட்டு. பேசிக்கொண்டே அதைத் திறந்தார். கோடு போட்டு, வரிசை எண் போட்டு, தேதி, வீடியோவின் தலைப்பு, எத்தனை நிமிடம், யார் அனுப்பியது என்று சிவப்பு, நீலம் இரண்டு மையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவருடைய குழுவில் வரும் வீடியோக்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அவருடையது. சில வரிகளைக் குறுக்கே அடித்திருந்தார். அது என்ன என்று கேட்டேன். "இதெல்லாம் பொய்யிங்க, தேதியே ஒத்துவரலை. நாங்க கண்டதையும் போடமாட்டோம்" என்றார். அந்த 'நாங்க'வில் இருந்த பெருமிதத்தை அதற்கு முன் அவர் பேச்சில் நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அவர் பார்த்த வேலை இதுதானே, கணக்கைச் சரிபார்ப்பது. ஓய்வு பெற்றதும் வீட்டில் அவரிடம் எதையும் சரிபார்க்கச் சொல்ல யாரும் இல்லை. குழுவில் முந்நூறு பேர், அவர் 'சரி' என்றால்தான் பகிர்ந்தார்கள்.

தூக்கம் போன கதை பிறகு வந்தது. குழுவின் தலைவர் போட்ட ஒரு படத்தையும் இவர் வழக்கம்போலச் சரிபார்த்து, தேதி தப்பு என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே அவரை உளவாளி என்றார்கள், காலையில் அவர் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மனைவியிடம் சொல்ல முடியவில்லை, அவர் சந்தோஷப்படுவார் என்று தெரியும். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. குழு போன பிறகும் நம்பிக்கை போகவில்லை. மாதக்கணக்கில் அதே கதைகளை, தனியாக, இன்னும் கசப்போடு நம்பிக்கொண்டிருந்தார். ஒரு சங்கத்தின் வரவு செலவைப் பார்க்க யாரோ கூப்பிட்டு, அதில் இறங்கிய பிறகுதான் நோட்டு மெல்ல மறந்துபோனது. அவர் மனம் மாறினாரா, இல்லை ஆர்வம்தான் வடிந்ததா என்று அவரைக் கேட்டால் அவரே சொல்லமாட்டார். ஆக, ஒட்டுதலைப் பிடுங்கிவிட்டால் நம்பிக்கை உதிர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். குழுவிலிருந்து அண்ணனை வலுக்கட்டாயமாகப் பிரிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு பழைய ஆய்வை எடுத்துப் போடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1954 டிசம்பர் 21ல் பெருவெள்ளம் வரும், அதற்கு முன் நள்ளிரவில் வேற்றுலகத்தார் வாகனத்தில் வந்து தங்களை அழைத்துப் போவார்கள் என்று சிகாகோ பக்கம் ஒரு சிறு குழு நம்பியது. உலோகம் உடம்பில் இருக்கக்கூடாதாம், ஆகவே துணியில் இருந்த ஜிப்பைக்கூட வெட்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. விடியும் முன், இந்தக் குழுவின் நம்பிக்கையால் உலகம் தப்பித்தது என்று ஒரு செய்தி 'வந்தது'. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் கூட்டாளிகளும் உள்ளே ஆட்களை அனுப்பி இதையெல்லாம் பார்த்து எழுதினார்கள். கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் நம்பிக்கையை இறுகப் பிடித்தார்கள், தனியாகத் தங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு அது விட்டுப்போனது என்பது அவர்கள் சொன்னது. என் கருத்துக்கு இதைவிட வாகான சாட்சி கிடைக்காது. ஆனால் இப்போது அதை முழுசாக நம்பி மேற்கோள் காட்ட எனக்குத் தயக்கம். அந்தச் சின்னக் குழுவில் நம்புகிறவர்களாக நடித்த ஆய்வாளர்களே கணிசமாக இருந்தார்கள், அவர்கள் பேச்சும் நடத்தையும் குழுவை முடுக்கிவிட்டிருக்கும். அவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களைத் தோண்டி 2025ல் வந்த ஒரு கட்டுரை, ஏமாற்றத்துக்குப் பிறகு நம்பிக்கை வலுத்தது என்ற அடிப்படைக் கதையையே மறுக்கிறது. எழுபது வருடம் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். இனி வகுப்பில் அதைச் சொல்கிறவர்கள் இந்தப் பின்குறிப்போடுதான் சொல்ல வேண்டும்.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த கோடுகளின் சோதனை அதைவிட உறுதியானது. காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பேசிவைத்துத் தப்பான கோட்டைச் சொல்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னால் போதும், அந்த விகிதம் சடாரென்று விழுந்துவிட்டது. வாயால் ஒப்புக்கொள்வதற்கும் உள்ளுக்குள் நம்புவதற்கும் வித்தியாசம் உண்டு, ஆஷின் ஆட்களில் பலருக்கு உண்மை தெரிந்தே இருந்தது. அதனால் அண்ணன் விஷயத்தில் அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் அந்த ஒரே ஒருவர் என்ற எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். நீங்கள் ஊரைத் திரட்ட வேண்டியதில்லை.

நீங்கள் படித்திருக்கக்கூடிய இரண்டு விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவர்கள் ஒன்றுக்கொன்று முரணானதையும் சேர்த்தே நம்புவார்கள், பிரிட்டன் இளவரசி டயானா கொலை செய்யப்பட்டார் என்றும் நம்புவார்கள், சாகவே இல்லை என்றும் நம்புவார்கள் என்று 2012ல் ஓர் ஆய்வு சொன்னது. நானே பல கூட்டங்களில் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லியிருக்கிறேன். 2023ல் வேறு சிலர் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தபோது, இரண்டு நம்பிக்கைக்கும் நடுவே தெரிந்த தொடர்பு பெரும்பாலும் இரண்டையுமே நம்பாதவர்களால் வந்தது என்று தெரிந்தது. இரண்டுக்கும் 'இல்லை' என்றவர்கள் ஏராளம், அதுதான் புள்ளிவிவரத்தில் தொடர்பு போலத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, ஆதாரம் காட்டினால் நம்பிக்கை இன்னும் வலுக்கும் என்பது. 2010ல் ஓர் ஆய்வில் அப்படி வந்தது நிஜம். பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் சோதித்துப் பார்த்தார்கள், அந்த எதிர்விளைவு ஏறக்குறைய எங்குமே வரவில்லை. ஆகவே ஆதாரம் காட்டியே அண்ணனைக் கெடுத்துவிட்டோமோ என்ற கவலை வேண்டாம். அவர் எழுந்து போவது ஆதாரத்தாலா, அதை நீங்கள் சொன்ன தொனியாலா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதாலா என்று வேண்டுமானால் யோசியுங்கள்.

என் கருத்துக்கு எதிராக இருப்பதையும் மறைக்கக்கூடாது. 2024ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், சதிக்கதையை நம்பும் 2,000க்கும் மேற்பட்டவர்களைச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றோடு எழுத்தில் பேசவைத்தார்கள். தங்களுக்கு எது நம்பிக்கை தந்தது என்று அவர்கள் எழுத, நிரல் அதே காரணத்துக்கு மட்டும் ஆதாரத்தோடு பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அது அப்படியே நின்றது. நட்பு தராத, தேநீருக்குக் கூப்பிடாத ஒரு இயந்திரத்தால் இது முடிந்தது என்றால், எல்லாமே உறவுதான், தகவலால் பயனில்லை என்று என்னைப் போன்றவர்கள் சொல்லிவந்ததில் ஓட்டை இருக்கிறது. இருபது போய் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்தான். நான் எடுத்துக்கொண்ட பாடம், பொதுவான ஆதாரம் வழுக்கிக்கொண்டு போகிறது, அவர் பிடித்திருக்கும் அதே ஒரு இழையைத் தொட்டால் அசைகிறது.

ஆகவே அடுத்த முறை கட்டுரை எதையும் அனுப்பாதீர்கள். வேறு யாரும் இல்லாத நேரத்தில், முதன்முதலில் எதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொடி ஆடியதே என்றால், நிலவில் காற்றில்லை என்பதால்தான் கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி வைத்தார்கள், நடும்போது அசைத்த அசைவு அடங்க நேரமாகும் என்று அந்த ஒன்றை மட்டும் பேசலாம். பொறியாளருக்கு அது பிடித்தமான பேச்சாகவும் இருக்கும். 1969ல் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் பட்டு லேசர் ஒளி இன்றும் திரும்பி வருகிறது என்பதை அதே நாளில் சேர்த்துத் திணிக்க வேண்டாம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கும் இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், டஸ்கிகீ நடந்ததுதானே. 'தூங்கிக்கிட்டு இருக்கே' என்றால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அவர் சாப்பிடும் மருந்தை நிறுத்தினாலோ, சேமிப்பை எடுத்து யாருக்காவது அனுப்ப ஆரம்பித்தாலோ, கூட்டத்தின் ஆட்கள் தன்னைப் பின்தொடர்வதாகவும் தன்னைத் தனியாகக் குறிவைப்பதாகவும் சொன்னாலோ, இதெல்லாம் வேறு கணக்கு. கடைசியாகச் சொன்னது சதிக்கதை நம்பிக்கையைத் தாண்டிய நோயின் அறிகுறியாக இருக்கலாம், நேரில் ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். எழுத்தில் படித்து நானோ வேறு யாரோ அதைத் தீர்மானிக்க முடியாது.

நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணனுக்கு என்ன நடந்தது? வேலை மாறியதா, பிள்ளைகள் வெளியூர் போனார்களா, நெருங்கிய நண்பர் யாராவது போய்விட்டாரா? ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். அவர் குழுவில் என்ன வேலை செய்கிறார் என்றும் முடிந்தால் பாருங்கள். வெறுமனே படிக்கிறாரா, இல்லை அங்கே அவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறதா? அதைத் தெரிந்துகொண்டு எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.